முதல் ஸ்மார்ட்போன்: பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது?

பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு மாறுகிறவர் கடையில் முதலில் கேட்பது, "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" கடைக்காரரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். எட்டாயிரம் ரூபாய் போனின் பெட்டியில் கண்ணைப் பறிக்கிற மாதிரி அச்சடிக்க வேறு எண் கிடையாதே. இரண்டு வருடம் கழித்து அந்த போனைத் தூக்கிப் போடும்போது கேமரா நன்றாகவே இருக்கும். வாட்ஸ்அப் திறக்கப் பத்து நொடி ஆகும், "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று தினமும் காலையில் தகவல் வரும், பேங்க் ஆப் இந்த ஆண்ட்ராய்டில் இயங்காது என்று கைவிரிக்கும். மலிவு விலை போன்கள் உடைந்து சாவதைவிடத் திணறிச் சாவதுதான் அதிகம். அதனால் 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர், பணத்தை மெமரி, நெட்வொர்க், அப்டேட் என்ற மூன்றில் போட வேண்டும். கேமராவிலும் திரையிலும் விட்டுக்கொடுக்கலாம். அந்த மூன்றில் விட்டுக்கொடுத்தால் ஒன்றரை வருடத்தில் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

மாடல் பெயர்களை இங்கே அடுக்கப் போவதில்லை. இந்த விலையில் ஒரு மாடலின் ஆயுள் கடையில் ஆறேழு மாதம்தான், அதற்குள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடுத்தது வந்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் எடை போட்டுவிடலாம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. போன் பெரும்பாலும் எங்கே இருக்கப் போகிறதோ அங்கே, அதாவது வீட்டின் உள் அறையிலும் வேலை செய்யும் இடத்திலும், எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களின் போனை வைத்துப் பாருங்கள். பேங்க் கணக்கில் பதிவாகியிருக்கும் நம்பர் எது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். யுபிஐ பதியும்போது அந்த நம்பரின் சிம் இதே போனுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போகும் அளவுக்கு ரீசார்ஜும் இருக்க வேண்டும். வாங்குகிறவருக்குத் தேவை பேச்சும் பணம் அனுப்புவதும் மட்டும்தான் என்றால், ஸ்மார்ட்போனே வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவு. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன்ற 4ஜி பட்டன் போன்களில் யுபிஐ உண்டு.

பட்ஜெட் 10,000 என்றால் போனுக்கு 9,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். டெம்பர் கிளாஸ், பேக் கவர் இரண்டும் சேர்ந்து 250, 300 ரூபாய் ஆகும். இப்போது பல பெட்டிகளில் சார்ஜர் வருவதில்லை, கேபிள் மட்டும்தான். சார்ஜர் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியின் பின்பக்கத்துப் பட்டியலில் படித்துவிட்டே விலை பேசுங்கள். தனியாக வாங்க நேர்ந்தால் ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சான சார்ஜராகப் பாருங்கள். ரோட்டோரத்து 120 ரூபாய் சார்ஜர் பேட்டரியையும் சார்ஜ் பின்னையும் சேர்த்துத் தின்றுவிடும்.

மெமரி: இங்கேதான் போன் சாகும்

பெட்டியில் 4 ஜிபி + 64 ஜிபி என்று இருந்தால் முதல் எண் ரேம், இரண்டாவது ஸ்டோரேஜ். ரேம் சமையல் மேடை மாதிரி, ஸ்டோரேஜ் பரண் மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை வைக்க முடியும். ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் டிக்கெட் ஆப் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறதல்லவா, அது ரேம் பற்றாக்குறை. 4 ஜிபி ரேமில் ஏறக்குறைய பாதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ, ஒரு பேங்க் ஆப் அளவுக்கு 4 ஜிபி தள்ளாடிச் சமாளிக்கும். 6 ஜிபி கிடைத்தால் நிம்மதி. 2, 3 ஜிபி போன்களை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள்.

"8 ஜிபி ரேம்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, கீழே பொடி எழுத்தில் 4+4 என்று போட்டிருப்பார்கள். பின்னாலிருக்கும் நான்கு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். பரணில் ஒரு மூலையைக் காலி செய்து அதையும் மேடை என்று சொல்கிற கதை அது. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் அந்த நாலு ஜிபியால் பெரிய லாபம் இல்லை, பரணில் இடம் குறைவதுதான் மிச்சம். போனின் அமைப்புகளுக்குள் போய் "போனைப் பற்றி" என்ற பக்கத்தைத் திறந்தால் உண்மையான எண் தெரியும்.

அடுத்து ஸ்டோரேஜ். 64 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கம்பெனி ஆப்களும் போக, கையில் மிஞ்சுவது 40 முதல் 45 ஜிபி. மூன்று குடும்பக் குரூப்பில் இருக்கும் ஒருவருக்கு வரும் காலை வணக்க வீடியோக்களும் கோயில் படங்களும் நாளைக்கு 100 எம்பி என்று குறைத்தே வைத்தாலும் வருடத்துக்கு 36 ஜிபி ஆகிறது. அதாவது முதல் பிறந்தநாளுக்குள் போன் நிரம்பிவிடும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கேமரா படங்களை நேராகக் கார்டுக்கு அனுப்பலாம், பாட்டு, படம் போட்டு வைக்கலாம். வாட்ஸ்அப் தன் கோப்புகளை போனின் உள் மெமரியில்தான் வைக்கும், ஆப்களும் அங்கேதான் கிடக்கும். ஆகவே 64-க்கும் 128-க்கும் இடையே ஆயிரம், ஆயிரத்து ஐநூறு வித்தியாசம் என்றால் எப்படியாவது புரட்டிக் கொடுத்து 128 வாங்குங்கள். மொத்த பட்ஜெட்டிலும் அதிகப் பலன் தரும் ஆயிரம் ரூபாய் இதுதான். 2025 கடைசியிலிருந்து உலக அளவில் மெமரி சிப் விலை ஏறியதால், விளம்பரத்தில் காட்டும் தொடக்க விலை பெரும்பாலும் குறைந்த மெமரிக்கான விலையாக இருக்கும். எந்த மெமரிக்கு எந்த விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அளவைத் தாண்டி ரகம் என்று ஒன்று இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மலிவு போன்களில் இரண்டு ரக ஸ்டோரேஜ் வருகிறது: இஎம்எம்சி 5.1, யுஎஃப்எஸ் 2.2. இஎம்எம்சி ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலம். எழுதும் நேரத்தில் படிக்க முடியாது, படிக்கும் நேரத்தில் எழுத முடியாது. உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி, அதுவும் ஏட்டளவில். யுஎஃப்எஸ் 2.2-இல் போக ஒரு வழி, வர ஒரு வழி, வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளே ஸ்டோர் பின்னணியில் பத்து ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது போன் அழைப்பைக்கூட எடுக்க முடியாமல் உறைந்து நிற்பது இஎம்எம்சி போன்களில் சகஜம். ஸ்டோரேஜ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் புதிதாக எழுதுமுன் பழைய கட்டங்களை அழித்து இடம் பண்ண வேண்டியிருக்கும். கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் ஸ்டோரேஜ் ரகம் எழுதியிருக்கும். யுஎஃப்எஸ் போட்டிருந்தால் பெருமையாகச் சொல்வார்கள். எதுவுமே சொல்லவில்லை என்றால் இஎம்எம்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க்: 5ஜி என்ற எழுத்துக்குப் பின்னால்

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. இப்போது பத்தாயிரத்துக்குக் கீழேயே 5ஜி போன்கள் கிடைக்கின்றன. ஆனால் 5ஜியில் எஸ்ஏ, என்எஸ்ஏ என்று இரண்டு முறைகள் உண்டு. ஜியோ, 4ஜியின் துணையில்லாமல் 5ஜி தனித்தே ஓடும் எஸ்ஏ முறையில் ஓடுகிறது, ஏர்டெல் தன் 5ஜியை 4ஜி கோபுரத்தின் துணையோடு ஓடும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி, எஸ்ஏ முறையை மட்டும் பிடிக்கும் போன். அதை வாங்கி ஏர்டெல் சிம் போட்டவர்கள், பெட்டியில் 5ஜி என்று இருந்தும் திரையில் 4ஜியையே பார்த்தார்கள். போனில் பழுதில்லை, சிம்மிலும் பழுதில்லை. இந்த விலையில் 5ஜி வாங்கும்போது "எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் உண்டா?" என்று கேளுங்கள், விவரப் பக்கத்தில் என்28, என்78 என்ற இரண்டு அலைவரிசைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்28 சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும், என்78 வேகம் தரும்.

ஊரில் பிஎஸ்என்எல்தான் எடுக்கிறது என்றால் கவனிக்க வேண்டியது வேறு. அதன் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது, விவரப் பக்கத்தின் 4ஜி வரிசையில் இவை பேண்ட் 28, பேண்ட் 1. மலிவான 4ஜி போன்கள் சிலவற்றில் பேண்ட் 28 இருக்காது. தூரத்துக் கோபுரத்திலிருந்து வரும் 700 மெகாஹெர்ட்ஸ் அலையை அந்த போன் பார்க்கவே பார்க்காது, பக்கத்து வீட்டு போனில் நாலு கட்டை காட்டும்போது இதில் ஒன்று காட்டும்.

5ஜி இல்லாத போனை வாங்கலாமா? உங்கள் ஊரில் 5ஜி இல்லை, பயன்பாடு வாட்ஸ்அப்பும் யூடியூபும்தான் என்றால் தாராளமாக. அதே விலையில் 4ஜி போன் 6 ஜிபி ரேமும் 128 ஜிபியும் தந்து, 5ஜி போன் 4 ஜிபியும் 64-ம் தந்தால் 4ஜிக்கே எங்கள் ஓட்டு. ஒரே ஒரு நிபந்தனை, அந்த 4ஜி போனின் சிப், அதாவது அதன் மூளை, ரொம்பப் பழசாக இருக்கக் கூடாது.

சிப்பும் அப்டேட்டும்

சிப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே வேலையைப் பிரித்துச் செய்யும் எட்டு கோர் இருக்கும், அதில் குறைந்தது இரண்டு பெரிய கோராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கார்டெக்ஸ் ஏ75, ஏ76, ஏ78 என்பவை பெரியவை, ஏ53, ஏ55 என்பவை சின்னவை. எட்டும் சின்னவையாக இருக்கும் சிப், உதாரணமாக மீடியாடெக் ஹீலியோ ஜி36 அல்லது யூனிசாக் எஸ்சி9863ஏ, கீபோர்டு வருவதற்கே ஒரு கணம் யோசிக்கும். ஹீலியோ ஜி85, யூனிசாக் டி606 வகைகளில் இரண்டு ஏ75 உண்டு, அடிப்படை வேலைக்குப் போதும். டைமென்சிட்டி 6300-இல் இரண்டு ஏ76, ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2-இல் இரண்டு ஏ78. கடைசி இரண்டில் ஒன்று பட்ஜெட்டுக்குள் வந்தால் பேசாமல் எடுத்துவிடலாம்.

அப்டேட்டில் இரண்டு கணக்கு உண்டு: புது ஆண்ட்ராய்டு எத்தனை முறை வரும், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும். "அப்டேட் வரும்" என்ற வாய்மொழியை நம்பாதீர்கள், கம்பெனி எண்ணிக்கை சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் தன் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் அறிவித்தது. இன்னும் மலிவான போன்களில் இரண்டு ஆண்ட்ராய்டு வந்தாலே பெரிது. கணக்கு தொடங்குவது அந்த மாடல் வெளியான மாதத்திலிருந்து, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. ஒன்றரை வருடம் பழைய மாடலைத் தீபாவளி ஆஃபரில் தள்ளுபடிக்கு வாங்கினால், தள்ளுபடி கொடுத்ததே அந்த ஒன்றரை வருட அப்டேட்டுக்காகத்தான்.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்று சொல்லும் 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்ற எண்ணைவிட 720-ஆ 1080-ஆ என்பதைப் பாருங்கள். 6.7 அங்குலத் திரையில் 720 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 260 புள்ளிதான், தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் கொஞ்சம் பிசிறடிக்கும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வதால் அவர்களுக்கு அது தெரியாது. படம் பார்க்கிறவர்கள் மட்டும், ஓடிடி படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் வைட்வைன் என்ற பூட்டில் எல்1 உண்டா என்று கேட்க வேண்டும். எல்3 என்றால் ஓடிடி படங்கள் 480பி-க்கு மேல் தெளியாது, எவ்வளவு நல்ல திரையானாலும். பேட்டரி எல்லாவற்றிலும் 5000 எம்ஏஎச் வந்துவிட்டது, ஆகவே சார்ஜ் வேகத்தைப் பாருங்கள்: 10 வாட்ஸ் என்றால் நிரம்ப மூன்று மணி நேரம், 18-க்கு மேல் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கேமராவில் 50 மெகாபிக்சல் என்பது நான்கு புள்ளியை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும். பின்பக்கம் மூன்று வட்டம் தெரிந்தால் அதில் ஒன்று பெரும்பாலும் 2 மெகாபிக்சல் அலங்காரம், இன்னொன்று ஃபிளாஷ்.

கடையில் கடைசிப் பத்து நிமிடம்

கம்பெனி சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். மாவட்டத் தலைநகரில்கூட இல்லாத பிராண்ட் என்றால் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் யோசியுங்கள், ஒரு டிஸ்ப்ளே மாற்ற இரண்டு பஸ் ஏறிப் போய் வருகிற செலவில் அந்தக் குறைவு தீர்ந்துவிடும். பணம் கட்டியபின், கடையை விட்டு இறங்குமுன், கவுன்டரிலேயே பெட்டியைப் பிரித்து இந்த வரிசையில் பாருங்கள்.

1. பெட்டி ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம், அதிகபட்ச சில்லறை விலை, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்கள் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு என்றால் வேறு பெட்டி கேளுங்கள். சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி வலுவிழக்கும்.

2. போனில் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் எண், பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் எண் போடாமல் தந்தால் போடச் சொல்லுங்கள், வாரண்டி அதில்தான் நிற்கிறது.

3. கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். சீல் பிரிக்காத போன் இரண்டு மாதம் முன்பே ஆக்டிவேட் ஆனதாகக் காட்டினால் உங்கள் வாரண்டியில் இரண்டு மாதம் போயிற்று. விற்பனை டார்கெட் முடிந்ததாகக் காட்டுவதற்காகக் கடையில் இப்படி நடப்பதுண்டு.

4. சிம் போட்டு ஓர் அழைப்பு. காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். அணையாவிட்டால் கன்னம் பட்டு அழைப்பு மியூட்டுக்குப் போகும். விலை குறைக்க அந்த சென்சாரையே எடுத்துவிட்டு மென்பொருளால் ஒப்பேற்றும் மாடல்கள் இருக்கின்றன.

5. மேப்ஸைத் திறந்து நின்ற இடத்தில் சுற்றுங்கள். நீல அம்பு உங்களோடு திரும்பவில்லை என்றால் திசைகாட்டி சென்சார் கிடையாது. டெலிவரி வேலைக்கு வாங்குகிறவர் இதைத் தவறவிடவே கூடாது.

6. ஏதாவது ஓர் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். வழியில் எங்கே கைநழுவி விழுகிறதோ அங்கே டச் வேலை செய்யவில்லை. பிறகு வெள்ளைப் படம், கறுப்புப் படம் ஒவ்வொன்றாக வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

7. குரல் பதிவு, ஸ்பீக்கர், இரு கேமரா, கைரேகை, சார்ஜ் ஏறுகிறதா, வைஃபை. கைரேகையைப் பத்து முறை வைத்தால் எட்டு முறையாவது திறக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் இதே வரிசைதான், கூடவே பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக, பார்சல் முகவரி தெரியும்படி எடுத்து வையுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள்தான், பண்டிகைக்கு முன்னே வாங்கிப் பூஜையில் வைத்துப் பத்து நாள் கழித்துப் பிரிக்காதீர்கள்.

தவணையில் எடுப்பவர்கள் "வட்டியில்லா இஎம்ஐ" என்றாலும் பிராசஸிங் கட்டணத்தைக் கேட்க வேண்டும். 199 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 235 ரூபாய். பல நேரம் கடைக்காரர் ரொக்கத்துக்குத் தரும் 500 ரூபாய் தள்ளுபடி தவணைக்குக் கிடையாது, அதையும் சேர்த்தால்தான் உண்மையான வட்டி தெரியும். சில நிதி நிறுவனங்கள் தவணை தவறினால் போனைப் பூட்டும் ஆப்பை உள்ளே ஏற்றுகின்றன. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா

வாங்கலாம், பார்த்து வாங்கினால். இரண்டு வருடம் முன்பு 18,000 ரூபாய்க்கு விற்ற போன் இன்று பாதி விலைக்குக் கிடைத்தால், அதன் யுஎஃப்எஸ் மெமரியும் சிப்பும் புது 9,000 ரூபாய் போனை ஓரங்கட்டிவிடும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார், மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகள். ஆனால் ஆபத்து மூன்று: திருட்டு போன், பூட்டிய போன், ஓய்ந்த பேட்டரி.

திருட்டைக் கண்டுபிடிக்க, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் ஆப்பிலும் இதே சோதனை உண்டு. முடக்கப்பட்டது அல்லது நகல் எண் என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். சரி என்று வந்தாலும் விற்பவரிடம் பழைய பில்லும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். நேற்று திருடிய போன் இன்று பட்டியலில் ஏறியிருக்காது.

பூட்டைப் பார்க்க, விற்பவரே உங்கள் எதிரில் அமைப்புகளுக்குள் போய்த் தன் கூகுள் கணக்கை நீக்கி, அங்கிருந்தே, எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். பட்டனை அழுத்தி ரீசெட் செய்து கொடுத்த போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ரீசெட் முடிந்ததும் வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். "இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்ற வாசகம் வந்தால் பாக்கி தவணை இருக்கிறது, அல்லது யாரோ ஆபீஸ் போனை விற்கிறார்கள்.

பேட்டரிக்கு ஒரு கை வைத்தியம்: முழு சார்ஜில், முழு வெளிச்சத்தில், 15 நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். மூன்று நான்கு சதவீதம் இறங்கினால் நல்லது. ஆறுக்கு மேல் போனால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அமோலெட் திரை என்றால் சாம்பல் நிறப் படத்தை வைத்து, பழைய ஐகான்களின் நிழலோ பச்சைக் கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம், மாற்றிய போனில் பழைய பளிச்சும் டச்சும் வராது, விளிம்பில் பசை தெரியும்.

முதல் நாள்

பட்டன் போனின் பெரிய சிம் இதில் நுழையாது, நானோ சிம் வேண்டும். வெட்டிக் கொடுப்பார்கள், ஆனால் பழைய சிம்மில் தகடு பெரிதாக இருந்தால் வெட்டும்போதே செத்துவிடும். கம்பெனி கடையில் ஆதாரோடு போய் மாற்றிக்கொள்வதே நல்லது. சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. அந்த ஒரு நாள் ஓடிபியும் வராது, யுபிஐயும் பதியாது, ஆகவே சிலிண்டருக்குப் பணம் கட்டவோ ஃபீஸ் கட்டவோ இருக்கும் நாளில் சிம் மாற்றாதீர்கள். மாற்றுமுன் பட்டன் போனில் இருக்கும் நம்பர்களைக் காப்பாற்றுங்கள். சிம்மில் 250 பெயர் வரைதான் நிற்கும், அதுவும் பழைய சிம்மோடு போய்விடும். புளூடூத் உள்ள பட்டன் போன் என்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் புது போனுக்கு அனுப்பலாம்.

கடைப் பையனிடம் "எல்லாம் போட்டுக் கொடுப்பா" என்று போனை நீட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அவர் அவசரத்தில் ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து தருவார், பாஸ்வேர்டு அவருக்கும் மறந்துவிடும், உங்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து போன் ரீசெட் ஆனால், உங்கள் பணத்தில் வாங்கிய போனை உங்களாலேயே திறக்க முடியாது. கணக்கை வீட்டில் உட்கார்ந்து உங்கள் நம்பரில் திறந்து, பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டில் எழுதக் கூடாது என்பார்கள் நிபுணர்கள், மறந்துபோவதைவிட அது மேல்.

வைஃபை கிடைக்கும் இடத்தில் சிஸ்டம் அப்டேட்டை முதலில் முடித்துவிடுங்கள், ஒன்றிரண்டு ஜிபி இறங்கும். போன் முதல்முறை ஆன் ஆகும்போது "பரிந்துரைக்கும் ஆப்கள்" என்று டிக் போட்ட ஒரு நீளப் பட்டியல் வரும், எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பூட்டுத் திரையில் விளம்பரப் படம் ஓடினால் அமைப்புகளில் பூட்டுத் திரை பகுதியில் நிறுத்தலாம். வாட்ஸ்அப்பில் "ஸ்டோரேஜ் மற்றும் டேட்டா" பக்கத்துக்குப் போய் படம், வீடியோ தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் அணையுங்கள். முன்னால் சொன்ன 36 ஜிபி கணக்கு இந்த ஓர் இடத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

தமிழில் எழுத, கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் போதும், மைக்கைத் தொட்டுப் பேசினாலும் தமிழில் எழுதிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை, தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்பு இரண்டும் வேண்டுமானால் செல்லினம் என்ற ஆப் இருக்கிறது. மெனு முழுவதையும் தமிழாக்குவது வீட்டில் உதவி செய்கிறவருக்கு எந்த மொழி பழக்கமோ அதைப் பொறுத்தது. "அமைப்புகள்" என்றால் என்ன என்று பேரன் கேட்டுக் குழம்பினால் யாருக்கும் பயனில்லை.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவக் கூடாது என்பதைப் புதியவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, தொட்டு நிறுவினால் எஸ்எம்எஸ் முழுவதும், ஓடிபி உட்பட, இன்னொருவர் கைக்குப் போகும். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். வாரண்டி தர மறுக்கும் கடையைப் பற்றிப் புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. இந்த இரண்டு நம்பர்களையும் பெயர் போட்டு போனில் சேமித்து வையுங்கள்.

பில் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வழவழத் தாளில் இருக்கும், சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, பெட்டியில் ஐஎம்இஐ ஒட்டியிருக்கும் பக்கத்தை வெட்டி அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். போன் தொலைந்து சஞ்சார் சாத்தியில் முடக்கப் போனால், போலீஸ் புகார் நகலோடு அந்த எண்ணையும் கேட்பார்கள்.